வார இறுதியில் மவுண்ட் பேக்கர், ஏழு பேர், ஈஸ்டன் பனியாறு வழி: கயிற்றை எப்படிப் பிரிப்பது?

தென்சரிவு:
எல்லோருக்கும் வணக்கம். ஜூலை முதல் பாதியில் ஒரு வார இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் மவுண்ட் பேக்கர் ஏறலாம் என்று ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம். சனிக்கிழமை காலை ஷ்ரைபர்ஸ் மெடோவில் வண்டியை விட்டு, ரயில்ரோடு கிரேடு என்ற மொரைன் (பனியாறு குவித்த கல்மண்) மேட்டின் மேலேயே ஏறி, சுமார் 1,800 மீட்டரில் கூடாரம். ஞாயிறு நடுநிசிக்கு மேல் கிளம்பி ஈஸ்டன் பனியாறு, ஷெர்மன் எரிமலை வாய், ரோமன் வால் (Roman Wall) சரிவு வழியாக 3,286 மீட்டர் உச்சி. அன்றைக்கே இறங்கி ராத்திரிக்குள் வீடு.

எங்களில் ஒருவர் இதே மலையை வழிகாட்டியோடு ஏறியவர். இன்னொருவர் பனியாற்றுப் பயிற்சி வகுப்பு முடித்தவர். மற்ற ஐந்து பேரும் நன்றாக நடப்பார்கள், கிராம்பான் (பூட்ஸில் மாட்டும் இரும்புப் பற்கள்) போட்டுச் சாதாரணமான பனி மூடிய சரிவில் ஏறிய பழக்கம் உண்டு. கையில் இருப்பது 60 மீட்டர் கயிறு ஒன்று. ஏழு பேரும் அதிலேயே கட்டிக்கொண்டு போகலாமா, இன்னொன்று வாங்க வேண்டுமா? ஆளுக்கு ஆள் எத்தனை மீட்டர் விட வேண்டும்? வேறு எதையாவது யோசிக்காமல் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மெதுநடை:
ஒரே கயிற்றில் ஏழு பேர் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு பேருக்கு நடுவில் ஆறு இடைவெளி, 10 மீட்டர் வைத்தால் கயிறு மொத்தமும் தீர்ந்தது. யாராவது பனியாற்றுப் பிளவுக்குள் போனால் அவருக்கு இறக்கிவிட ஒரு முழம்கூட மிஞ்சாது. அதோடு ஏழு பேரில் ஒருவர் பூட்ஸ் கட்ட நின்றாலும் ஆறு பேரும் நிற்க வேண்டும், குளிரில் அது லேசான விஷயம் இல்லை.

இரண்டு கயிறு, மூன்றும் நாலுமாகப் பிரியுங்கள். மூன்று பேர் என்றால் 12 முதல் 15 மீட்டர் இடைவெளி. நாலு பேர் என்றால் 8 முதல் 10 போதும். 60 மீட்டர் கயிற்றில் மூன்று பேர் 13 மீட்டர் விட்டுக் கட்டினால் 26 போய் 34 மிச்சம், அதை முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் ஆளுக்கு 17 மீட்டராகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். சுருளில் இருப்பது இடைவெளியைவிட நீளமாக இருந்தால்தான் விழுந்தவர் வரைக்கும் போய்ச் சேரும்.

நிலா_நடை:
தென்சரிவு தம்பி, கயிற்றைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. யாராவது உள்ளே போய்விட்டால் வெளியே எடுக்க உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒரே ஒருவருக்கு. வழிகாட்டியோடு ஏறியவர் அன்றைக்குக் கயிற்றின் நடுவில் நடந்திருப்பார், பனியைப் பார்த்து வழி முடிவு செய்தது வேறொருவர். ஆகவே வகுப்பு முடித்தவர்தான் முன்னால் போவார். முன்னால் போகிறவர்தான் பிளவை மூடிக் கிடக்கும் பனிப்பாலத்தை முதலில் மிதிப்பார், பெரும்பாலும் உள்ளே போவதும் அவர்தான். விஷயம் தெரிந்த ஒரே ஆள் கீழே தொங்க, மேலே இருக்கும் ஒருவருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. கயிறு அவரைப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான், மேலே கொண்டுவராது.

மேலே என்ன நடக்கும் என்று மூன்று பேர் கயிற்றை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முதல் ஆள் மறைந்ததும் கயிறு வெடுக்கென்று இழுக்கும். இரண்டாமவர் குப்புற விழுந்து, பனிக்கோடாரியின் முனையை நெஞ்சுக்கு அடியில் பனிக்குள் அழுத்தி, கால் நுனியை உதைத்து ஊன்றிக் கிடப்பார். தொங்குகிறவரின் எடை இப்போது இவருடைய ஹார்னெஸில் (கயிற்றோடு பிணைத்த இடுப்புப் பட்டையில்). இவரால் ஒரு கையைக்கூட விடுவிக்க முடியாது, அதனால் மிச்ச வேலை அத்தனையும் மூன்றாமவர் தலையில். அவர் கயிற்றில் போட்டிருக்கும் புருசிக் முடிச்சை (எடை விழுந்தால் இறுகும், தளர்த்தினால் நகரும் முடிச்சு) நகர்த்தி நகர்த்தி, பிணைப்பை ஒரு கணமும் விடாமல், முன்னால் வர வேண்டும். பனியில் குறுக்காகப் பள்ளம் வெட்டி பிக்கெட்டை (பனியில் ஊன்றும் நீளமான உலோக முளை) கிடையாகப் புதைக்க வேண்டும். அதன் நடுவில் கட்டிய ஸ்லிங் பட்டை வெளியே வர இழுக்கிற திசையில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்ட வேண்டும், அது ஆழமாக இல்லாவிட்டால் ஸ்லிங் பிக்கெட்டை மேலே தூக்கிவிடும். பிறகு இரண்டாமவரிடமிருந்து எடையை மெதுவாக ஆங்கருக்கு, அதாவது புதைத்த பிக்கெட்டுக்கு, மாற்றி, பள்ளத்தை இன்னொரு முறை பார்த்து, அதற்கப்புறம்தான் விளிம்புக்குப் போய் கீழே இருப்பவரைக் கூப்பிட வேண்டும்.

விளிம்புக்குப் போனால் அடுத்த சிக்கல். எடை தாங்கிய கயிறு பிளவின் ஓரத்துப் பனி உதட்டை அறுத்துக்கொண்டு அரை மீட்டர், சில நேரம் அதற்கும் மேலே உள்ளே புதைந்திருக்கும். அந்தக் கயிற்றையே பிடித்து இழுத்தால் விழுந்தவரின் தலை கூரையில் போய் முட்டும். ஆகவே புதிதாக ஒரு கயிறு இறக்க வேண்டும், அதுவும் அறுக்காமல் இருக்க விளிம்பில் ஒரு கோடாரியையோ முதுகுப் பையையோ அடியில் வைத்து, அதையும் உள்ளே விழாமல் கட்டி வைக்க வேண்டும். 3:1 கப்பி அமைப்பு, அதாவது மூன்றில் ஒரு பங்கு விசையில் தூக்கலாம், என்று புத்தகத்தில் போட்டிருப்பது உரசலில் பாதி போய்விடும், கப்பிக்குப் பதில் வெறும் காரபினர் கொக்கி போட்டால் இன்னும் மோசம்.

இதை எழுதுவது பயமுறுத்த இல்லை. ஈஸ்டன் ஏறத்தக்க நல்ல வழி, முதல் பனியாற்று மலைக்கு அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் ஏழு பேருக்கும் இந்த வேலை கை பழகியிருக்க வேண்டும். பனி கிடக்கும் ஏதாவது ஒரு பாதுகாப்பான சரிவில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஒருவர் முதுகுப் பையோடு சரிவின் விளிம்புக்குக் கீழே தொங்கட்டும், மற்றவர்கள் தூக்கட்டும், அப்புறம் ஆள் மாற்றுங்கள். கையுறையோடு செய்யுங்கள். வெறுங்கையில் சட்டென்று விழும் புருசிக் முடிச்சு ஈரக் கையுறையில் விழாது.

முடிச்சு:
அக்கா சொன்னதோடு ஒன்று. பனியாற்றில் இரண்டு பேர் கயிறாகப் போனால் நடுவில் பட்டாம்பூச்சி முடிச்சுகள் போடுவார்கள், முடிச்சு உதட்டில் சிக்கி விழுகையை நிறுத்த உதவும். பனி மிருதுவாக இருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முடிச்சுப் போட்ட கயிற்றை கப்பியில் ஓட்ட முடியாது, விழுந்தவர் அதே கயிற்றில் புருசிக் போட்டு ஏறினாலும் ஒவ்வொரு முடிச்சிலும் தடைபடுவார். அதற்குத்தான் தனியாக இறக்கக் கயிறு வேண்டும் என்பது. உங்களுக்கு மூன்று நாலு பேர் என்பதால் முடிச்சு கட்டாயமில்லை.

கயிறு தரையில் லேசாக உரசுகிற அளவுக்கு இழுவையாக இருக்க வேண்டும். கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கிறேன், அது கூடவே கூடாது. சுருள் எத்தனை மீட்டரோ அத்தனை மீட்டர் கூடுதலாக விழுவார், இழுப்பு வரும்போது அந்தச் சுருள் விரலையும் கொண்டுபோகும்.

வடமுகம்:
அடிப்படை விதி ஒன்றுதான். பனியாற்றில் கால் வைத்ததும் கயிற்றில் கட்டு, பனியாற்றை விட்டு இறங்கும்வரை அவிழ்க்காதே. ரோமன் வால் உள்பட. கயிற்றை விட்டால் ஒருவர் சறுக்கினால் அவர் போய்ச் சேர்ந்தார். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

நிலா_நடை:
@வடமுகம் இங்கே நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். சமமான பனியாற்றில் கயிறு வேலை செய்வதற்குக் காரணம், விழுகிறவர் செங்குத்தாகக் கீழே போகிறார், மற்றவர்கள் சமதளத்தில் நிற்கிறார்கள், கயிறு உதட்டில் உரசி வேகம் குறைகிறது. 35 பாகைச் சரிவில் பனி இறுகிக் கிடக்கும்போது இதில் ஒன்றும் இல்லை. சறுக்குகிறவருக்குக் கயிறு இறுகும் முன்னாலேயே வேகம் பிடித்துவிடும், அடுத்தவர் கோடாரியை ஊன்றுவதற்குள் காலோடு பிடுங்கப்படுவார், அப்புறம் மூன்றாமவர்.

2002 மே 30 அன்று ஆரிகன் மாநிலத்து மவுண்ட் ஹூடில் நடந்தது இதுதான். உச்சிக்குச் சற்றுக் கீழே நாலு பேர் ஒரே கயிற்றில், பனியில் எந்த ஊன்றும் இல்லாமல், இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒருவர் சறுக்க நால்வரும் இழுபட்டு, கீழே இருந்த இருவர் கயிற்றை அடித்துக்கொண்டு, அதற்கும் கீழே இருந்த மூவரையும் சேர்த்து மொத்தம் 9 பேர் பெர்க்ஷ்ருண்டு பிளவுக்குள் (பனியாறு மேல்சரிவை விட்டுப் பிரியும் இடத்துப் பிளவு) போனார்கள். 3 பேர் இறந்தார்கள். மீட்க வந்த ஹெலிகாப்டரும் சரிவில் விழுந்து உருண்டது, அதில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். அந்த மலையில் அன்றைக்கு நின்றவர்களிடம் கயிறு இல்லாமல் இல்லை. கயிற்றுக்கும் மலைக்கும் நடுவில் பிடிப்பு எதுவும் இல்லை.

சரிவில் கயிற்றோடுதான் போவேன் என்றால் பிக்கெட் அடித்துக்கொண்டே போக வேண்டும். முன்னால் போகிறவர் அடித்துக் கயிற்றை மாட்டுவார், கடைசி ஆள் பிடுங்கிக்கொண்டு வருவார், எந்த நேரத்திலும் கயிற்றில் இருக்கும் எல்லோருக்கும் நடுவில் ஒன்றாவது பனிக்குள் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் நிம்மதி.

வடமுகம்:
ஹூட் விஷயம் தெரியும். ஆனால் ரோமன் வால் சரிவிலும் அதன் அடியிலும் பிளவுகள் உண்டு, ஆகஸ்டில் நன்றாகவே வாய் திறந்து கிடக்கும். அங்கே புதிதாக வருகிறவர்களிடம் கயிற்றை அவிழ்க்கலாம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவிழ்க்கலாம் என்று கேட்டவர் எங்கே வேண்டுமானாலும் அவிழ்ப்பார். பிக்கெட்டோடு போவது சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எரிமலை வாயோடு திரும்பட்டும்.

நிலா_நடை:
திரும்பட்டும் என்பதில் நமக்குள் பேதம் இல்லை. பிக்கெட் இல்லை, பனி கல்லாக இருக்கிறது, ஒருவர் பயந்து கால் நடுங்குகிறார் என்றால் ஷெர்மன் வாயின் விளிம்பு திரும்புவதற்கு நல்ல இடம். கந்தக நாற்றமும் ஆவியுமாக அதுவே பார்க்க வேண்டிய இடம்தான், 1975இல் அந்த வாயில் ஆவியும் சூடும் திடீரென்று கூடி ஆய்வாளர்கள் எல்லாம் ஓடி வந்த இடம் அது. காற்று அடங்கிய நாளில் ஆவி வரும் பள்ளத்துக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான், தம்பி. கயிற்றைக் கட்டும்போதெல்லாம், இங்கே எதற்காகக் கட்டியிருக்கிறோம், ஒருவர் விழுந்தால் எது அவரைப் பிடிக்கும் என்று முன்னால் போகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதில் 'மற்ற இரண்டு பேர்' என்றால், அவர்களால் அந்தப் பனியில் முடியுமா என்று அடுத்தவர் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் ஒன்று பிக்கெட், இல்லாவிட்டால் வேறு வழி, அதுவும் இல்லாவிட்டால் கீழே.

அதிகாலை_2:
கயிற்றை விட்டு பனிக்கு வருகிறேன். நீங்கள் வானிலையில் மழையா வெயிலா என்று மட்டும் பார்க்காதீர்கள், உறைநிலை உயரத்தை, அதாவது காற்று பூஜ்யம் பாகைக்கு இறங்கும் உயரத்தை, பாருங்கள். ஜூலையில் அது 4,000 மீட்டருக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும் நாட்கள் உண்டு, அப்படியென்றால் உச்சியில்கூடக் காற்று பூஜ்யத்துக்கு மேலேதான். அப்போதும் ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு ஒரு ஓடு மாதிரி இறுகும். மேகம் போர்த்திக்கொண்டால் அதுவும் நடக்காது. கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் பூட்ஸால் மிதித்துப் பாருங்கள். கிராம்பான் பல் மட்டும் இறங்கி ஓடு தாங்கினால் கிளம்பலாம். கணுக்கால் வரை புதைந்தால் பாலங்களும் ராத்திரி முழுக்க இறுகவில்லை என்று அர்த்தம், வெயில் வந்தபின் அவை என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு: கூடாரத்திலிருந்து உச்சிக்கு சுமார் 1,480 மீட்டர் ஏற்றம். கயிற்றில் கட்டிய குழு மணிக்கு 250 மீட்டர் ஏறினாலே நல்ல வேகம். ஆறு மணி நேரம், நிற்பதைச் சேர்த்து ஏழு. 1 மணிக்குக் கிளம்பினால் 8 மணி. ஆகவே 9 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்து எல்லோரும் சொல்லிக்கொள்ளுங்கள். மேலே போய் உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு முடிவு செய்ய உட்கார்ந்தால் ஏழு பேரும் 'இன்னும் அரை மணி' என்றுதான் சொல்வார்கள்.

பிளவு எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னக் குறிப்பு. பனியாறு மேடான பாறை மேல் வளைந்து இறங்கும் இடத்தில் மேல்பக்கம் இழுபட்டுக் கிழியும், ஓரங்களில் நடுப்பகுதி வேகமாகவும் கரை மெதுவாகவும் நகர்வதால் கிழியும், குழிந்த இடத்தில் அமுங்கி மூடிக்கொள்ளும். கூடாரத்திலிருந்து சனிக்கிழமை மாலையே மேலே பார்த்து இந்த வளைவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிளவுக்கு இணையாகக் குழு வரிசையாக நடந்தால் எல்லோரும் ஒரே பிளவின் மேல் நிற்கிறீர்கள், அங்கே படிவரிசையாக விலகி நடக்க வேண்டும்.

பழைய_பூட்ஸ்:
எல்லோரும் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் 'வார இறுதி' என்ற இடத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் உறுத்துகிறது. வெள்ளி வேலை முடித்து வண்டி ஓட்டி, சனி சுமையோடு ஏறி, மாலை ஆறு மணிக்குப் படுத்து வெளிச்சத்தில் தூக்கம் வராமல் புரண்டு, நடுநிசியில் எழுந்து, ஏறி இறங்கி, கூடாரம் பிரித்து, மொரைன் இறங்கி, ஞாயிறு இரவு சாலையில் உட்கார்ந்து ஓட்டுபவர் கிட்டத்தட்ட 20 மணி நேரம் விழித்திருப்பவர். மலையைவிட அந்த ஓட்டம் எனக்குப் பயம். திங்கள்கிழமை விடுப்பு எடுங்கள். எடுத்தால் இன்னொரு நன்மை, ஞாயிறு பனி சரியில்லை என்றால் ஒரு நாள் காத்திருக்கலாம். தேதியை மாற்ற முடியாத குழு மலையில் பிடிவாதம் பிடிக்கும்.

இதே மலையில் 1939 ஜூலை 22, ஒரு சனிக்கிழமை, கல்லூரி மாணவர்களும் மற்றவர்களுமாக 25 பேர் கொண்ட குழு ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்குக் கீழே பனிச்சரிவு அடித்து 6 பேர் இறந்தார்கள். ஜூலையில் பனிச்சரிவா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நனைந்து கனத்த பனி வெயிலில் கழன்று வர மாதம் பார்ப்பதில்லை. பெரிய குழு என்பதால் எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரே சரிவின் கீழே நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள், இரண்டு கயிறும் ஒன்றன் தலைக்கு மேல் ஒன்றாக ஏறக் கூடாது.

மெதுநடை:
வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கீழிருந்து வரும் கதிர் மூக்குத் துவாரத்துக்குள்ளும் நாடிக்கு அடியிலும் சுடும், அங்கேயும் களிம்பு தடவுங்கள். நாலாம் வகைக் கண்ணாடி (மிக அடர்ந்த கறுப்புக் கண்ணாடி), பக்கவாட்டில் மறைப்போடு, ஆளுக்கு ஒன்றும் குழுவுக்கு உதிரி ஒன்றும். கண்ணாடியைத் தொலைத்தவர் மத்தியானத்துக்குள் கண் எரிந்து ஒன்றும் தெரியாமல் ஆகிவிடுவார், அவரைக் கயிற்றில் வைத்துப் பனிப்பாலம் தாண்டுவது எப்படி?

தென்சரிவு:
எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் குழுவில் வாசித்துக் காட்டினேன். இப்போதைய முடிவு: இன்னொரு 60 மீட்டர் கயிறு வாங்கியாச்சு. பயிற்சி நாளுக்கு வர முடியாத ஒருவர் இந்த முறை வரவில்லை, ஆகவே ஆறு பேர், மூன்று மூன்றாக. பயிற்சியில் அக்கா சொன்ன மாதிரி முதுகுப் பையோடு ஒருவரைத் தொங்கவிட்டுத் தூக்கினோம். முதல் முறை ஆங்கர் போட்டு எடையை மாற்றவே அரை மணி நேரத்துக்கு மேலே ஆகிவிட்டது, கிடந்தவருக்குக் கை மரத்துவிட்டது. மாலைக்குள் அது கால் மணி நேரத்துக்கு வந்தது. எல்லோரும் எல்லா இடத்திலும் நின்று பழகினோம். ஒரு கயிற்றுக்கு மூன்று பிக்கெட். திங்கள் எல்லோரும் விடுப்பு.

ஒரு கேள்வி மட்டும். ஒரு கயிற்றில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் அந்தக் கயிறு முழுக்கத் திரும்ப வேண்டுமா, அல்லது அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போய்வரலாமா?

நிலா_நடை:
முழுக்கத் திரும்ப வேண்டும். பனியாற்றில் யாரையும் தனியாக உட்கார வைக்கக் கூடாது. வியர்வையில் நனைந்தவர் காற்றில் உட்கார்ந்தால் சீக்கிரமே நடுங்க ஆரம்பிப்பார், போதாததற்கு அவர் உட்காரும் இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருவரைத் திரும்பி அனுப்ப ஒரு கயிறு, அதாவது மூன்று பேர். இதைச் சனிக்கிழமை கூடாரத்திலேயே ஒவ்வொருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். யாருக்கு உச்சி ஆசை அதிகமோ அவர் முதலில் சொல்லட்டும்.

தென்சரிவு:
போய் வந்தோம். ராத்திரி வானம் தெளிவு, ஓடு நன்றாக இறுகியிருந்தது. 1:20க்குக் கிளம்பினோம். 2,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே குறுக்காக ஒரு பெரிய பிளவு, பழைய தடம் நேராகப் பாலத்தின் மேலே போயிருந்தது. பாலத்தின் நடு தொய்ந்து, ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. முன்னால் போனவர் கோடாரித் தண்டை இறக்கிப் பார்த்தார், இரண்டாம் குத்திலேயே தடையில்லாமல் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. வலது பக்கம் சுற்றிப் போனோம், அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக ஆனது, யாரும் முணுமுணுக்கவில்லை.

எரிமலை வாயில் என் கயிற்றில் ஒருவருக்குத் தலைவலி, பிறகு வாந்தி. பேசிவைத்தபடி நாங்கள் மூவரும் திரும்பினோம். இறங்க இறங்க 2,200 மீட்டர் வாக்கில் அவருக்குத் தலை தெளிந்துவிட்டது. மற்ற கயிறு ரோமன் வால் சரிவில் பிக்கெட் வைத்து ஏறி 8:40க்கு உச்சி. அவர்கள் இறங்கும்போது அந்தப் பிளவுக்குச் சற்றுக் கீழே, தடத்திலேயே, நடுவில் நடந்தவருக்கு ஒரு கால் தொடை வரை உள்ளே போனது. கயிறு இழுவையாக இருந்ததால் மற்ற காலும் போகவில்லை. அவர் அப்படியே முன்னால் படுத்துக் கையை விரித்து எடையைப் பரப்பி, காலை மெதுவாக உருவி எடுத்தார். குனிந்து துளைக்குள் பார்த்தபோது அடி தெரியவில்லை என்றார். ஏறும்போது ஆறு பேரும் அதே இடத்தை மிதித்துத்தான் போயிருக்கிறோம்.

பழைய_பூட்ஸ்:
எல்லோரும் முழுசாகத் திரும்பியதில் சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கயிறு திரும்பியபோது மற்றதும் கூடவே திரும்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மேலே போன மூவருக்கு அதற்குப் பிறகு உதவிக்கு யாரும் இல்லை, முடியாதவரோடு இறங்கிய உங்களுக்கும் இல்லை. இரண்டு கயிறாகப் போவதன் லாபமே ஒன்று மற்றதை இழுத்து எடுக்கும் என்பதுதானே.

நிலா_நடை:
ஐயா, நீங்கள் சொல்வது பாதுகாப்பான பக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேரும் மீட்பு பழகியவர்கள், வழியில் வேறு குழுக்களும் இருந்திருப்பார்கள், பனி இறுகியிருந்தது. அந்த நிலையில் நானும் பிரிந்துதான் போயிருப்பேன். தலைவலிக்காரரின் நடை தள்ளாடியிருந்தாலோ பேச்சு குழறியிருந்தாலோ பதில் வேறு, அப்போது ஆறு பேரும் இறங்க வேண்டும். தம்பி, இரண்டு கயிற்றுக்கும் நடுவில் பேசிக்கொள்ள ஏதாவது வைத்திருந்தீர்களா?

தென்சரிவு:
கைவானொலி கயிற்றுக்கு ஒன்றாக இருந்தது அக்கா, அரை மணிக்கு ஒருமுறை பேசினோம். அவர்கள் சரிவில் இருந்தபோது மட்டும் ஒரு அழைப்புக்குப் பதில் வரவில்லை, கையுறையோடு பொத்தானை அழுத்த முடியவில்லையாம். அடுத்த முறை தோள்பட்டையில் மாட்டுகிற ஒலிவாங்கி வைத்துக்கொள்வோம். நடை தள்ளாடவில்லை, நேர்க்கோட்டில் குதிகால் முன்காலைத் தொடுகிற மாதிரி நடக்கவைத்துப் பார்த்தோம்.

மெதுநடை:
ஆகஸ்ட் முதல் வாரம் நாங்கள் நாலு பேர் போகிறோம். அந்த 2,500 மீட்டர் பிளவை எந்தப் பக்கம் சுற்றினீர்கள், ஏறும்போது வலதா, இறங்கும்போது வலதா?

தென்சரிவு:
ஏறும்போது வலது, அதாவது கிழக்குப் பக்கம். ஆனால் அதற்குள் அங்கேயும் வாய் திறந்திருக்கலாம், எங்கள் ஜிபிஎஸ் தடத்தை நம்பிப் போகாதீர்கள். சனிக்கிழமை மாலை வெளிச்சத்திலேயே பனியாற்றின் அடி வரை போய்ப் பார்த்துவிடுங்கள். அப்புறம், மலக்கழிவுக்கான பைகளை ஆளுக்கு இரண்டாவது எடுத்துப் போங்கள், கூடாரம் போடும் பாறைகளுக்குப் பக்கத்தில் சிலர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அதே பனியைத்தான் எல்லோரும் உருக்கிக் குடிக்கிறோம்.